சைக்கிளை ஓரத்தில் ஓட்டுவதா, தடத்துக்குள் ஓட்டுவதா? கார், லாரி ஓட்டுகிறவர்களும் வந்து பேசுங்கள்

#1 – பெடல்காரன்

சைக்கிளில் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை "ஓரமாகப் போ" என்பதுதான். வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பின்னால் வரும் கார் அதையே ஹார்ன் அடித்துச் சொல்கிறது. விபத்து நடந்த இடத்தில் கூடுகிற கூட்டமும் "ஓரமாகப் போயிருக்கக் கூடாதா?" என்றுதான் கேட்கிறது. இந்த அறிவுரை ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. ஒப்புக்கொள்ளாதவர்கள் தயங்காமல் எழுதுங்கள். பேசித் தீர்க்கத்தான் இந்த இழை.

சாலையின் கடைசி அரை மீட்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் நடந்து போய்க் குனிந்து பாருங்கள். வண்டிச் சக்கரங்கள் ஒதுக்கித் தள்ளிய மணல், உடைந்த கண்ணாடிச் சில்லு, ஆணி எல்லாம் அங்கேதான் சேர்ந்து கிடக்கும். வடிகால் மூடியும் அங்கேதான். அதன் கம்பிகள் நாம் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் மெல்லிய சக்கரம் உள்ளே இறங்கிவிடும். மழைநீர் தேங்குவதும் அங்கேதான், அதற்கடியில் பள்ளம் இருந்தால் விழுந்த பிறகுதான் தெரியும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் இருக்கும் படி. நான்கு விரல் உயரம் போதும். முன்சக்கரம் கீழே இறங்கிவிட்டால், சாய்வாக மேலே ஏற முயலும்போது சக்கரம் படியின் விளிம்பில் உரசி ஏற மறுக்கும். உடம்போ ஏற்கெனவே சாலைப் பக்கம் சாய்ந்திருக்கும். விழுவது மண்ணில் அல்ல, தாரின் மேல், பின்னால் வரும் வண்டியின் முன்னால்.

இத்தனையையும் தவிர்க்க ஓரத்தில் போகிறவர் வளைந்து வளைந்துதான் போக வேண்டியிருக்கிறது. நின்றிருக்கும் வண்டி ஒன்று குறுக்கிட்டால் திடீரென்று வெளியே வர வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிறவருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். ஒரே கோட்டில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று தெரியும்படி போகிறவர்தான் பாதுகாப்பாகப் போகிறவர்.

என் வழக்கம் இதுதான்: சாதாரணமாக ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போவேன். குறுகிய பாலம், வளைவு, சந்திப்பு என்று முந்துவதற்கு இடமே இல்லாத இடம் வந்தால், முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, கை காட்டி, தடத்தின் நடுவுக்கு வந்துவிடுவேன். அதைக் கடந்ததும் மறுபடி ஒதுங்கி வழி விடுவேன்.

#2 – நால்வழி

நான் தினமும் கார் ஓட்டுகிறவன். சைக்கிள் ஓட்டுபவர்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது நடைமுறைக்கு ஒத்து வராது நண்பரே. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் தடத்தின் நடுவில் போனால் பின்னால் வரிசை சேரும். வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நிற்கிறவருக்கு முன்னால் சைக்கிள் இருப்பதே தெரியாது. அவர் பொறுமை இழந்து எதிர்த்தடத்தில் பாய்வார். அப்போது எதிரே வருகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு? ஓரமாகப் போனால் எல்லோரும் கடந்து போய்விடலாமே. சாலை எல்லோருக்கும் பொது என்றால், மெதுவாகப் போகிறவரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்?

#3 – கணக்குப்புலி

நால்வழி ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. அளந்து பார்த்துவிடலாம்.

ஒரு தடத்தின் அகலம் பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர். சைக்கிளின் சக்கரம் ஓரத்திலிருந்து அரை மீட்டரில் போகிறது என்று வையுங்கள். கைப்பிடியும் முழங்கையும் 0.8 மீட்டர் வரை நீண்டிருக்கும். அங்கிருந்து 1.5 மீட்டர் இடைவெளி விட்டால் 2.3. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் காரின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். மொத்தம் 4.3 மீட்டர். தடமோ 3.5தான். ஆக, சைக்கிள் ஓரத்தை ஒட்டிப் போனாலும் நீங்கள் அடுத்த தடத்துக்குள் 80 சென்டிமீட்டர் போயே தீர வேண்டும். அவர் ஒரு மீட்டர் தள்ளிப் போனால் அது 1.3 மீட்டர் ஆகும். இரண்டு நிலையிலும் அடுத்த தடம் காலியாக இருந்தால்தான் முந்த முடியும். எதிரே வண்டி வந்தால் இரண்டிலுமே முடியாது. ஓரத்தில் போகிறவரைப் பார்த்தால் "நுழைந்துவிடலாம்" என்ற நப்பாசை வருகிறது. அது ஒன்றுதான் வேறுபாடு. அப்படி நுழைந்தவர் இடைவெளியை 40, 50 சென்டிமீட்டருக்குக் குறைத்துத்தான் நுழைந்திருக்கிறார்.

சைக்கிள் அம்புபோல் நேராக ஓடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமநிலைக்காக எப்போதும் இடமும் வலமும் சிறிது அசைந்துகொண்டேதான் போகும். வேகம் குறையக் குறைய அசைவு கூடும். மேட்டில் ஏறுகிறவருக்கு அதிக இடம் தேவை என்பது இதனால்தான்.

அடுத்தது காத்திருக்கும் நேரம். முந்த இடமில்லாத 100 மீட்டர் நீளப் பாலம் ஒன்று. சைக்கிளின் பின்னால் 15 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 24 நொடி. தனியாக 40 கிலோமீட்டரில் கடந்தால் 9 நொடி. இழப்பு 15 நொடி. அதையும் அடுத்த சிக்னலில் நிற்கும்போது பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடுகிறோம்.

#4 – நால்வழி

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் 1.5 மீட்டர் என்பது எங்கிருந்து வந்தது? சட்டத்தில் இருக்கிறதா, சைக்கிள் சங்கங்கள் கேட்பதா?

#5 – விதிநூல்

பல நாடுகளில் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1973-லேயே 3 அடி என்று வைத்தது. பிரான்ஸில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். ஜெர்மனி 2020-இல் திருத்திய விதியில் ஊருக்குள் 1.5, வெளியே 2 மீட்டர் என்று எண்ணிலேயே எழுதிவிட்டது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு 2022 ஜனவரியில் மாறியபோது, மணிக்கு 30 மைல் வரை குறைந்தது 1.5 மீட்டர், அதற்கு மேல் வேகம் என்றால் இன்னும் அதிகம் என்று சேர்த்தார்கள். அதே திருத்தம் சைக்கிள் ஓட்டுபவருக்கும் பேசுகிறது: அமைதியான சாலையிலும், மெதுவாக நகரும் போக்குவரத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும் தடத்தின் நடுவில் போகலாம், வேகமான சாலையில் ஓரத்திலிருந்து குறைந்தது அரை மீட்டர் விட வேண்டும். பெடல்காரன் சொல்வது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2014-இல் கொண்டுவந்த விதி. வேக வரம்பு 60 கிலோமீட்டர் வரை உள்ள சாலையில் 1 மீட்டர், அதற்கு மேல் 1.5 மீட்டர் என்றார்கள். அத்துடன், முன்னால் சாலை காலியாகத் தெரிந்தால் சைக்கிளை முந்துவதற்காக மையக்கோட்டைத் தாண்டலாம், தொடர்கோடாக இருந்தாலும் தாண்டலாம் என்று ஓட்டுநருக்கு அனுமதியும் கொடுத்தார்கள். இடைவெளி விடு என்று கட்டளை இட்டால் மட்டும் போதாது. அதை விடுவதற்கு வழியும் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைப் பல ஊர்களில் மறந்துவிடுகிறார்கள். ஓட்டுநர்கள் கோட்டுக்கு அஞ்சிச் சைக்கிளை உரசிக்கொண்டு போகிறார்கள்.

#6 – ஆய்வேடு

இழையில் ஒரே பக்கமாகப் பேச்சு போவதால் மறுபக்கச் சான்று ஒன்றை வைக்கிறேன். பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் இயான் வாக்கர், ஒலி அலையால் தூரம் அளக்கும் கருவியைத் தன் சைக்கிளில் பொருத்தி, தன்னை முந்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்களின் இடைவெளியை அளந்தார். ஆய்வு 2007-இல் வெளியானது. ஓரத்திலிருந்து தள்ளிப் போகப் போக, முந்துகிற வாகனம் விட்ட இடைவெளி குறைந்தது. ஓட்டுநர்கள் சைக்கிள் எங்கே போகிறது என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் தங்கள் வழக்கமான பாதையிலேயே முந்துகிறார்கள் என்றுதானே இதற்குப் பொருள்? பெடல்காரன் இதற்கு என்ன சொல்கிறார்?

அதே ஆய்வில் ஹெல்மெட் அணிந்திருந்தபோது வாகனங்கள் இன்னும் நெருங்கி வந்தன என்ற முடிவும் இருந்தது. அதைப் பலர் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டே வேண்டாம் என்று வாதிடுகிறார்கள். 2013-இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி அலசி, அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். விழும்போது தலையைக் காப்பது ஹெல்மெட். அதைக் கழற்ற இந்த ஆய்வு காரணம் ஆகாது.

#7 – பெடல்காரன்

நல்ல கேள்வி. அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. ஒன்று வலது பக்கம், காருக்கும் எனக்கும் நடுவே. மற்றது இடது பக்கம், எனக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே. அந்தக் கருவி முதலாவதை மட்டும்தான் அளந்தது. கார் நெருங்கி வந்தால் நான் ஒதுங்குவது இரண்டாவதற்குள்தான். ஓரத்தை ஒட்டிப் போகிறவருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. வலப்பக்கம் பத்து சென்டிமீட்டர் குறைந்து, இடப்பக்கம் அரை மீட்டர் கூடினால், நான் அதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலையில் தடத்தின் நடுவில் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 80-க்கும் 15-க்கும் உள்ள வேறுபாட்டில், நொடிக்கு 18 மீட்டர் வீதம் கார் நெருங்குகிறது. வளைவைத் தாண்டி 50 மீட்டரில் சைக்கிள் கண்ணில் பட்டால் ஓட்டுநருக்கு மூன்று நொடிகூட இல்லை. அங்கே அகலமான தோள்பகுதி, அதாவது ஓரக்கோட்டுக்கு வெளியே உள்ள சாலைப் பகுதி, இருந்தால் அதில் போக வேண்டும். இல்லையென்றால் வேறு பாதை தேட வேண்டும். தடத்தின் நடுவில் போவது வேகம் குறைந்த, குறுகிய சாலைகளுக்கான முறை.

#8 – பன்னிருசக்கரம்

லாரி ஓட்டுகிறேன். பெரும்பாலும் இழுவை வண்டி. இந்தப் பேச்சில் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக் கணக்கில் எழுதுகிறேன். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

தம்பி பெடல்காரன், நீ முந்தும் இடைவெளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பயம் அதில் இல்லை. திரும்பும்போதுதான். சந்திப்பில் சிவப்பு விளக்கில் நிற்கிறேன். இடது இண்டிகேட்டர் போட்டிருக்கிறேன். எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடம் இருக்கிறது. சைக்கிள்காரர் அந்த இடத்தில் நுழைந்து என் முன்கதவு வரை வந்து நிற்கிறார். நான் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் என் கதவுக்கு அடியில் நிற்கிறவரின் தலைகூடத் தெரியாது. பச்சை விழுகிறது. நீண்ட வண்டி என்பதால் உடனே இடப்பக்கம் திருப்ப முடியாது; முதலில் நேராக, சில நேரம் வலப்பக்கம் சற்று ஒடித்துப் போய்த்தான் திருப்ப வேண்டும். அதைப் பார்க்கிற சைக்கிள்காரர் "லாரி நேராகப் போகிறது, எனக்கு வழி கிடைத்துவிட்டது" என்று நினைத்துப் பெடலை மிதிக்கிறார். அதற்குப் பிறகுதான் என் வண்டியின் பின்பகுதி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. மூலையை நோக்கி உள்வாங்கித்தான் வரும். முன்னால் ஒரு மீட்டராக இருந்த இடைவெளி பின்னால் ஒன்றுமே இல்லாமல் போகிறது. இதையெல்லாம் அவர் பார்க்கவும் முடியாது, என்னால் அவரைப் பார்க்கவும் முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நின்றிருக்கும் லாரி, பஸ் இவற்றின் இடப்பக்கம் நுழையவே நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். என் பக்கக் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்கள் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் நான் உங்களைக் கவனித்துவிட்டேன் என்று அதற்குப் பொருள் அல்ல.

குற்றம் முழுவதும் சைக்கிள் மேல் என்று நான் சொல்லவில்லை. வண்டி செய்கிறவர்கள் கேபினை இவ்வளவு உயரத்தில் வைத்துக் கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு கண்ணாடி ஜன்னல்கூட வைக்காதது யார் குற்றம்? லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நட்சத்திர மதிப்பு கொடுக்கிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து அபராதத்தோடு நடைமுறையில் இருக்கிறது, 2024 அக்டோபரில் அளவை இன்னும் உயர்த்தினார்கள். மதிப்பு குறைந்த வண்டி கூடுதல் பாதுகாப்புக் கருவி பொருத்தினால்தான் உள்ளே வரலாம். எல்லா ஊரிலும் இப்படி வந்தால் எங்களுக்கும் நிம்மதி. ஓர் உயிர் தன் சக்கரத்தில் போவதை எந்த லாரிக்காரனும் விரும்புவதில்லை.

இன்னொன்று. நான் முந்தும்போது முதலில் காற்று உங்களை வெளியே தள்ளும். வண்டியின் கடைசிப் பகுதி கடக்கும்போது உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் உறுதியாகப் பிடியுங்கள், பெடலை நிறுத்தாதீர்கள். நான் போய்விட்டேன் என்று உடனே வெளியே வராதீர்கள். என் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற காருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

#9 – பெடல்காரன்

அண்ணா, இதை இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்ன இடது திருப்பத்துக்கும் தடத்துக்குள் போவதுதான் மருந்து என்று நினைக்கிறேன். சந்திப்பில் லாரிக்குப் பின்னால், தடத்தின் நடுவில் நின்றால் உங்கள் இடப்பக்கம் சிக்குவதற்கு வாய்ப்பே இல்லை. என் பின்னால் வரும் காரும் என்னைத் தாண்டிக் குறுக்கே வெட்டித் திரும்ப முடியாது.

#10 – பன்னிருசக்கரம்

சரிதான் தம்பி. ஆனால் என் வண்டியின் பின்பக்கம் ஒட்டி நிற்காதே. மூன்று நான்கு மீட்டராவது விடு. ஒட்டி நின்றால் எந்தக் கண்ணாடியிலும் தெரிய மாட்டாய். மேடு என்றால் வண்டி கிளம்பும்போது சற்றுப் பின்வாங்கவும் கூடும்.

#11 – சிற்றோடை

நின்றிருக்கும் கார்களின் கதவைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு ஓடும் கார்களைவிட அதுதான் பெரிய அச்சம். ஓடும் காரின் சத்தமாவது கேட்கிறது. கதவு எந்தச் சத்தமும் இல்லாமல் திறக்கிறது.

#12 – விதிநூல்

சரியாகக் கேட்டீர்கள் அக்கா. கதவில் மோதுவதால் படும் காயத்தைவிட, மோதிய வேகத்தில் போக்குவரத்துக்குள் தூக்கி வீசப்படுவதுதான் உயிரைப் பறிக்கிறது. 1968-இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்திலேயே, பிறருக்கு ஆபத்து இல்லை என்று உறுதி செய்யாமல் கதவைத் திறக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. விதி இருந்தும் கை தானாகத் திறந்துவிடுகிறது. அதற்குத்தான் எதிர்க்கையால் திறக்கும் பழக்கம். டச்சு முறை என்று உலகெங்கும் அறியப்படுகிறது. வலப்பக்கக் கதவு என்றால் இடக்கையால் திறக்க வேண்டும். இப்போதே உட்கார்ந்த இடத்தில் செய்து பாருங்கள்: கை குறுக்கே போகும்போது தோள் திரும்புகிறது, தோளோடு தலையும் திரும்புகிறது, பார்வை கண்ணாடியைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. பிரிட்டனின் 2022 திருத்தத்தில் இதையும் சேர்த்தார்கள். பின் இருக்கையில் உட்காரும் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். இறங்கும் அவசரம் அவர்களுக்குத்தான் அதிகம்.

சைக்கிளில் போகிறவர் நின்றிருக்கும் கார் வரிசையை ஒரு கதவின் அகலம், அதாவது ஒரு மீட்டராவது விட்டுக் கடக்க வேண்டும். உள்ளே தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, முன்சக்கரம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். இரண்டு கார்களுக்கு இடையே காலி இடம் இருக்கிறது என்று உள்ளே போய் வெளியே வருவது மட்டும் வேண்டாம்.

#13 – நால்வழி

எல்லாம் சரி. ஓட்டுநர் இதைச் செய்ய வேண்டும், அதைச் செய்ய வேண்டும் என்று நிறையப் பேசிவிட்டோம். சைக்கிள்காரர்களும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கை மதிக்காமல் போவது, எதிர்த்திசையில் வருவது, காதில் கருவியைச் செருகிக்கொண்டு போவது, இரவில் விளக்கே இல்லாமல் போவது. நேற்று மாலை இருட்டில் எதிர்த்திசையில் விளக்கு இல்லாமல் வந்த ஒருவரை மயிரிழையில் தவிர்த்தேன். இன்னும் கை நடுங்குகிறது. அவர் உயிரைப் பற்றி அவருக்குத்தான் கவலை இல்லை, எனக்கு இருக்கிறது.

#14 – இரவுப்பணி

நால்வழி ஐயாவின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. நான் இரவில்தான் வேலைக்குப் போய் வருகிறேன், சைக்கிளில்.

எதிர்த்திசையில் போகிறவர்கள் "எதிரே வரும் வண்டியை நான் பார்த்துக்கொண்டே போகலாம்" என்கிறார்கள். நடந்து போகிறவருக்கு அது பொருந்தும், சைக்கிளுக்குப் பொருந்தாது. 40-இல் வரும் காரும் 15-இல் போகும் சைக்கிளும் ஒரே திசையில் போனால் நெருங்கும் வேகம் 25. எதிரெதிரே வந்தால் 55. மேலும், கிளைச்சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் வண்டி வரும் பக்கத்தை, அதாவது வலப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார். இடப்பக்கத்திலிருந்து சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை.

விளக்கு விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: பளிச்சென்ற மஞ்சள், பச்சை உடை பகலுக்கு உரியது. சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அது அப்படி ஒளிர்கிறது. இரவில் அது சாதாரணத் துணி. இரவுக்கு வேண்டியது, விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டை. அதை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டுங்கள், பெடலில் ஒட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் இரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்த உடனே சைக்கிள் என்று மூளை கண்டுகொள்கிறது. அசையாத சிவப்புப் புள்ளி தொலைவில் என்னவாகவும் இருக்கலாம். ஜெர்மனியில் பெடலில் பிரதிபலிப்பான் சட்டப்படி கட்டாயம்.

பின்விளக்கை இருக்கைக் கம்பத்தில் மாட்டியவர்கள் ஒருமுறை சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, வேறு ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல்சட்டையின் விளிம்போ, கேரியரில் வைத்த பையோ விளக்கை முழுவதும் மறைத்திருக்கும். எரிகிறது என்ற நம்பிக்கையில் இருட்டில் போய்க்கொண்டிருப்பார்கள். முன்விளக்கையும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைத்துவிட்டு அவர் நம்மைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பிரிட்டன் விதித்தொகுப்பின் கணக்குப்படி மணிக்கு 64 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்த பிறகு முழுமையாக நிற்க 36 மீட்டர் வேண்டும். 96 கிலோமீட்டர் என்றால் 73 மீட்டர். அந்தத் தூரத்துக்கு அப்பாலேயே நம்மைத் தெரிந்தால்தான் அவரால் ஏதாவது செய்ய முடியும்.

சிவப்பு விளக்குக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

#15 – நால்வழி

நன்றி இரவுப்பணி. நேர்மையான பதில்.

என் பங்குக்குக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முன்கண்ணாடியின் இரு பக்கமும் இருக்கும் தூண், பக்கவாட்டிலிருந்து வரும் ஒரு சைக்கிளை முழுவதும் மறைக்கப் போதுமான அகலம் உடையது. நாமும் சந்திப்பை நோக்கிப் போகிறோம், சைக்கிளும் அதே சந்திப்பை நோக்கி வருகிறது. இரண்டின் வேகமும் பொருந்திவிட்டால் சைக்கிள் தூணின் பின்னாலேயே கடைசிவரை ஒளிந்திருக்கும். "எங்கிருந்தோ வந்தான்" என்று ஓட்டுநர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தவிர்க்க முடியாததும் அல்ல. சந்திப்பில் உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்கு அப்பால் பாருங்கள். ஒருமுறை வேகமாகத் திருப்பிப் பார்ப்பதற்குப் பதில், நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது நடுவில் இருப்பது பதிவாவதில்லை.

#16 – ஆய்வேடு

தனி மனிதர் ஒழுக்கத்தை மட்டும் பேசினால் பாதி தூரம்தான் போக முடியும். 1971-இல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். இன்று அந்நாட்டில் நாம் பார்க்கிற சைக்கிள் பாதைகளில் பெரும்பாலானவை அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்தவை. வேகமான சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை, கலந்து போக வேண்டிய தெருவில் 30 கிலோமீட்டர் என்பதே அடிப்படை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 30-ஐவிட 60-இல் மோதினால் உயிர் போகும் ஆபத்து பல மடங்கு. ஸ்பெயின் 2021 மே மாதம், ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள ஊர்த்தெருக்களில் 30 என்று நாடு முழுவதற்கும் ஆக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் நகரமும் பெரும்பாலான தெருக்களுக்கு அதையே கொண்டுவந்தது.

வெறும் வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிள் தடம் என்று பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். நின்றிருக்கும் கார்களின் கதவு திறக்கும் அகலத்துக்குள்ளேயே அந்தக் கோட்டைப் போட்டிருப்பார்கள். அதில் போகிறவர் சிற்றோடை சொன்ன ஆபத்துக்குள் நேராகப் போகிறார். அப்படிப்பட்ட தடத்தைவிடத் தடமே இல்லாதது மேல்.

#17 – மட்டுறுத்துநர்

சந்திப்புகளின் வடிவமைப்பு பற்றித் தனி இழை தொடங்கலாம். இங்கே சாலையில் போகும் முறையைப் பற்றியே தொடருங்கள். பதினாறு பதிவுகளில் ஒருவரும் ஒருவரையும் வசை பாடவில்லை, மனதார நன்றி.

#18 – சிற்றோடை

கடைசியாக ஒரு கேள்வி. மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கு அவளும் நானும் தனித்தனி சைக்கிளில் போக ஆசைப்படுகிறாள். நான் முன்னால் போவதா, பின்னால் போவதா? சேர்ந்து போனால் வழியை மறிக்கிறோம் என்று திட்டு விழுமா?

#19 – பெடல்காரன்

அக்கா, நீங்கள் பின்னால் போங்கள். முன்னால் போனால் அவளைப் பார்க்க அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும், திரும்பும்போதெல்லாம் உங்கள் சைக்கிள் விலகும். பின்னால், அவளைவிட அரை மீட்டர் சாலைப் பக்கமாகத் தள்ளிப் போங்கள். முந்துகிற கார் முதலில் உங்களைப் பார்த்து உங்களை விட்டு விலகும், அந்த விலகல் அவளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். சந்திப்பு நெருங்கும்போது அவளுக்கு இணையாக வந்து, வண்டி வரும் பக்கத்தில் நில்லுங்கள். "நில்", "போகலாம்", "இடப்பக்கம்" என்று மூன்று சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே நேர்கோட்டில் ஓட்டுவதை வண்டிகள் இல்லாத மைதானத்தில் முதலில் பழக்குங்கள். அது கைவராமல் சாலைக்கு வர வேண்டாம்.

இணையாகப் போவதில் தவறில்லை, பிரிட்டன் விதித்தொகுப்பு குழந்தையோடு போகும்போது அப்படிப் போகலாம் என்றே சொல்கிறது. பின்னால் வண்டி வந்து, முந்த இடமும் இருந்தால் ஒற்றை வரிசைக்கு மாறி வழி விடுங்கள்.

#20 – நால்வழி

திட்டுகிறவர் திட்டட்டும் அம்மா. நீங்கள் இருவரும் இணையாகவே போங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம். ஒரு விண்ணப்பம்: வழி விடும்போது கையை அசைத்து "போங்கள்" என்று மட்டும் காட்டாதீர்கள். எதிரே வருவது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முந்துவதா என்பதை ஓட்டுநரே பார்த்து முடிவு செய்யட்டும்.